போன் மாற்றுவது வேறு, தளம் மாற்றுவது வேறு

திறன்பேசிக்கு நம் நாட்டில் இன்று இரண்டே தளங்கள். ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு, மற்றது ஆப்பிளின் ஐஓஎஸ். இந்தியாவில் புழங்கும் திறன்பேசிகளில் சுமார் 95 விழுக்காடு ஆண்ட்ராய்டு. ஏறக்குறைய மீதி முழுவதும் ஐபோன். சாம்சங்கை விட்டு விவோ வாங்குவதும், பழைய ஐபோனைக் கொடுத்துப் புதிய ஐபோன் எடுப்பதும் வெறும் போன் மாற்றம். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போவதும், அங்கிருந்து திரும்பி வருவதும்தான் தள மாற்றம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் போன் கடைக்கு வருகிறவர் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றி; பணம் கட்டும் நேரத்தில்தான் "பழைய வாட்ஸ்அப் எல்லாம் அப்படியே வந்திருமா?" என்று கேட்கிறார். முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். கேமரா, திரை, வேகம் ஆகியவற்றில் இரண்டு தளங்களும் ஒன்றுக்கொன்று இளைத்தவை இல்லை. எதை எடுத்துப் போகலாம், எது பின்தங்கிவிடும், யாரோடு பேச வேண்டியிருக்கிறது, எந்தத் தொழிலுக்குப் போன் வேண்டும் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவர் துபாயிலும் ஒருவர் ஆழ்கடலிலும் ஒருவர் திருவனந்தபுரத்திலும் இருக்கும் குமரி மாவட்டத்தில் இந்தக் கணக்கு மற்ற ஊர்களைவிடச் சற்றுச் சிக்கலானது.

தளம் மாறிய அனுபவம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஐபோன் இந்தியாவுக்கு வந்தது 2008 ஆகஸ்டில். 8 ஜிபி ஐபோன் 3ஜி-யின் விலை அன்றைக்கு 31,000 ரூபாய். நாஞ்சில் நாட்டில் அப்போது பெரும்பாலோர் கையில் இருந்தது நோக்கியா. பெயரும் எண்ணும் சிம்மிலேயே கிடந்தன. சிம்மைக் கழற்றி அடுத்த போனில் போட்டால் எல்லாம் முடிந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியன் தளத்தை ஒதுக்கிவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்குத் தாவியது. 2006-ல் தொடங்கிய அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. சிம்பியன் போன்களுக்கான ஆதரவை வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-லும், விண்டோஸ் ஃபோனுக்கான ஆதரவை 2019 டிசம்பர் 31-லும் முடித்துக்கொண்டது. நல்ல கேமரா என்று நம்பி நோக்கியாவின் விண்டோஸ் போனான லூமியாவை வாங்கியவர்கள், போனில் எந்தப் பழுதும் இல்லாதபோதே அதை அலமாரியில் வைக்க நேர்ந்தது. அன்றைய மாற்றங்கள் எதையும் வாங்கியவர் முடிவு செய்யவில்லை. நிறுவனங்கள் முடிவு செய்தன. இருப்பதா போவதா என்று யோசிக்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு வந்தது, களத்தில் இரண்டே தளங்கள் நிலைத்த பிறகுதான்.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவதே முறை. சீட்டு வரவு, தேவாலய அறிவிப்பு, ரப்பர் விலை, கல்யாணப் பேச்சு, வெளிநாட்டிலிருந்து வந்த குரல் பதிவு என எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பேக்கப்பைக் கூகுள் டிரைவில் போடுகிறது. ஐபோனில் ஐகிளவுடில் போடுகிறது. ஒன்றில் போட்டதை மற்றதால் திறக்க முடியாது. 2021 வரை இரண்டுக்கும் நடுவே நிறுவனமே கொடுத்த வழி எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐபோனிலிருந்து சாம்சங்குக்கும், பிறகு ஆண்ட்ராய்டு 12 உள்ள மற்றப் போன்களுக்கும் உரையாடல்களைக் கொண்டுபோகும் வசதி வந்தது. எதிர்த்திசையில், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோகும் வசதி 2022-ன் நடுப்பகுதியில்தான் கிடைத்தது.

அந்த வசதியிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஐபோன் பெட்டியைத் திறந்தபோது இருந்த தொடக்க நிலையிலேயே இருக்க வேண்டும். பழைய போனில் ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியை நிறுவி, இரண்டையும் சார்ஜரில் செருகி, ஒரே வைஃபையில் இணைத்து, ஐபோன் காட்டும் எண்ணைப் பழைய போனில் தட்டி, வரும் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். அதன்பின் புதிய போனில் அதே எண்ணால் உள்ளே நுழைந்தால் உரையாடல்கள் வந்துசேரும். ஆனால், கடையில் பெட்டியைப் பிரித்த கையோடு மின்னஞ்சலைப் போட்டு, மொழியைத் தேர்ந்து, ஒரு படமும் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் போனை வாடிக்கையாளரிடம் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வீட்டுக்கு வந்து பழைய உரையாடலைத் தேடுபவர், புதிய போனை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அழைப்புப் பட்டியல் எப்படியும் வராது. தொடக்க நிலை பற்றிய இந்த ஒரு விவரம் தெரியாததால் தொலைந்த உரையாடல்கள், பழுதான போன்களால் தொலைந்தவற்றைவிடக் குறைவாக இருக்கும் என்று தோன்றவில்லை.

படங்களின் கதை வேறு. கூகுள் ஃபோட்டோஸ் இரண்டு தளங்களிலும் ஓடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர் தன் கூகுள் கணக்கை அங்கேயும் திறந்து படம், மின்னஞ்சல், தொடர்பு எண்கள், யூடியூப் என எல்லாவற்றையும் பார்க்கலாம். ஐபோனிலிருந்து வெளியே வருகிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஐகிளவுடில் உள்ளதைக் கூகுளுக்கு மாற்ற ஆப்பிள் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டுக்கும் ஆண்ட்ராய்டில் செயலியே இல்லை. யாராவது இணைப்பு அனுப்பினால் உலாவி வழியாக ஃபேஸ்டைமில் கலந்துகொள்ளலாம், அவ்வளவே. ஆக, உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். இலவச இடத்திலும் வேறுபாடு இருக்கிறது: கூகுள் 15 ஜிபி தருகிறது, ஆப்பிள் 5 ஜிபி. 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் படங்களும், அதற்குப் பிறகு வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபி கணக்கிலேயே சேர்கின்றன. பேரப்பிள்ளைகளின் காணொளிகள் சேரும் வீட்டில் இரண்டுமே விரைவில் நிரம்பும். தளத்தின் விலையோடு மாதச் சேமிப்புக் கட்டணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யுபிஐ-யைப் பற்றிய பயம் பெரும்பாலும் அளவுக்கு மீறியது. பணம் போனில் இல்லை, வங்கியில் இருக்கிறது. கோட்டார் கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை கணக்கோடு பிணைக்கப்பட்டது. வியாபாரி எந்தப் போனுக்கு மாறினாலும் அட்டையை மாற்ற வேண்டியதில்லை. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் தன் சொந்த சிம்மில் ஓடுகிறது. போனில் இருக்கும் செயலி மட்டும் சிம்மோடும் கருவியோடும் பிணைந்தது. புதிய போனில் வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மைப் போட்டு, அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போன பிறகே அது விழித்துக்கொள்ளும். அதனால் சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் அளவுக்கு ரீசார்ஜ் இருக்க வேண்டும். மாறிய புதிதில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஆண்ட்ராய்டில் இந்தக் கட்டுப்பாடு 24 மணி நேரம்; ஐபோனில் பல வங்கிகள் இதை 72 மணி நேரமாக வைத்திருக்கின்றன. தோவாளையில் விடியுமுன் பூ எடுத்து உடனே பணம் அனுப்ப வேண்டிய வியாபாரி, முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரத்தில் போன் மாற்றாமல் இருப்பதே நல்லது.

வளைகுடாவிலிருந்து வரும் போன் தனிக் கவனம் கேட்கிறது. குமரி மாவட்டத்தில் ஐபோன் பல வீடுகளுக்கு வந்தது கடை வழியாக அல்ல. திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக. ஊருக்கு வரும் மகனோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்ததுதான் பலருக்கும் முதல் ஐபோன். தளத்தை மாற்றும் முடிவை இங்கே பெறுபவர் எடுக்கவே இல்லை; அது பரிசாக வந்து இறங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது. பக்கத்திலேயே செய்யப்படும் பொருள் துபாயில் விலை குறைவாகக் கிடைப்பதன் காரணம் வரியிலும் ஆப்பிள் நாட்டுக்கு நாடு வைக்கும் விலையிலும் இருக்கிறது. தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படி வரும் போனில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சிம். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசை ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் சிம் செருகும் துளையே இல்லாமல், இ-சிம்மை மட்டும் ஏற்கும் வகையில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் விற்கும் அதே போனில் துளை இருக்கிறது. அங்கிருந்து வந்த போனை அம்மா கையில் கொடுக்கும்முன் அவருடைய பழைய சிம்மை இ-சிம்மாக மாற்ற வேண்டும். ஜியோவும் ஏர்டெல்லும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன; பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் இ-சிம் தரத் தொடங்கியது 2025 ஆகஸ்டில்தான். இ-சிம்மாக மாற்றிவிட்டால், போன் கீழே விழுந்து உடையும்போது சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் போனில் போட்டுப் பேசும் வழியும் போய்விடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, பேசும் வழி. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், அழைப்பு போகாது. அதனால்தான் போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகள் குமரி மாவட்ட வீடுகளின் போன்களுக்கும் வந்துசேர்ந்தன. ஃபேஸ்டைமுக்கும் அங்கே தடை. "இரண்டு பேரிடமும் ஐபோன் இருந்தால் முகம் பார்த்துப் பேசலாம்" என்ற காரணத்துக்காக மட்டும் ஊரில் இருப்பவர் தளம் மாறினால், மறுமுனை அமீரகமாக இருக்கும்போது அந்தக் காரணம் செல்லாது. மறுமுனை அமெரிக்காவாகவோ ஆஸ்திரேலியாவாகவோ இருந்தால் செல்லும். போட்டிம், இமோ, வாட்ஸ்அப் எல்லாம் இரண்டு தளங்களிலும் ஒரேமாதிரி ஓடுபவை என்பதால், வளைகுடாக் குடும்பங்களைப் பொறுத்தவரை எந்தத் தளத்தில் இருந்தாலும் பேச்சு நிற்காது.

மூன்றாவது, கணக்கின் நாடு. அமீரகத்தில் தொடங்கிய ஆப்பிள் கணக்கு அமீரகக் கடையைத்தான் காட்டும். இந்தியாவுக்கு மட்டும் வெளியிடப்பட்ட செயலிகள் அதில் தேடினாலும் கிடைக்காது. நாட்டை மாற்ற, கணக்கில் மிச்சமிருக்கும் தொகையைத் தீர்த்து, சந்தாக்களை முடித்துக்கொள்ள வேண்டும். கூகுள் பிளேயிலும் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். வெளிநாட்டு எண்ணையே வைத்துக்கொண்டு வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 10 நாடுகளுக்கு அனுமதி தந்தது. அந்தப் பட்டியலில் அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உண்டு, குவைத்தும் பஹ்ரைனும் இல்லை. பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போனவர் ஊர் சிம்மை உயிரோடு வைத்திருந்தே ஆக வேண்டும். 2020-ல் கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிய தமிழக மீனவர்கள், அவர்களில் குமரி மாவட்டத்தினர் பலர், தங்கள் நிலையை ஊருக்குச் சொன்னது கையில் இருந்த போன்களில் எடுத்த காணொளிகள் வழியாகத்தான். ஜூலை 1-ம் தேதி ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் அவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. எந்த ஊர் எண், எந்த ஊர்க் கணக்கு என்பது வெளியில் வேலை பார்ப்பவருக்கு வெறும் அமைப்பு விஷயமில்லை.

கடலில் கணக்கு மாறுகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் விசைப்படகுகள் அரபிக்கடலில் பல நூறு கடல்மைல் போய், வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவை. கொச்சியில் கரையேறுவதும் உண்டு. கரையை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் ரேஞ்ச் போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை கரையில் இருந்தது. அது போய்ச்சேர வேண்டியவர்கள் ரேஞ்சுக்கு வெளியே இருந்தார்கள். அதன்பின்தான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேகம் பிடித்தன. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் மீனவர்களுக்குத் தரப்பட்டன. ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் எனும் கடல் தகவல் மையம் 2019 அக்டோபரில் ஜெமினி கருவியை அறிமுகப்படுத்தியது. அது ககன் செயற்கைக்கோள்களிடமிருந்து புயல், அலை, மீன்வளப் பகுதி பற்றிய தகவலை வாங்கிப் புளூடூத் வழியாக மீனவரின் போனுக்குக் கொடுக்கிறது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தகவல் கருவி பொருத்தும் திட்டம் நாடளவில் தொடங்கியது.

இந்தக் கருவிகளின் மறுமுனையில் இருப்பது போன். அதற்கான செயலிகள் எழுதப்பட்டபோது மனதில் இருந்தது ஆண்ட்ராய்டுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி தள மாற்றத்துக்கே ஒரு சான்று. முதலில் அது குவால்காமின் பிரூ தளத்தில், டாடாவின் சிடிஎம்ஏ கைபேசிகளில் ஓடியது. அந்தத் தளமும் அந்த வலையமைப்பும் மறைந்துபோகும் நிலை வந்தபோது ஆண்ட்ராய்டுக்கு மாற்றி எழுதப்பட்டது. படகில் போகிறவர் அதன்படியே நடந்துகொள்கிறார்: கடலுக்கு ஒரு மலிவான ஆண்ட்ராய்டு, அதில் படமும் பாட்டும் நிரப்பிய மெமரி கார்டு. உப்புக்காற்றிலும் என்ஜின் அதிர்விலும் போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் போன் அது. ஐபோனில் மெமரி கார்டு போட இடமில்லை. நாவிக் குறிப்பலைகளை வாங்கும் திறன் 2020-லேயே ரியல்மி, ரெட்மி போன்களில் வந்துவிட்டது. ஐபோனில் 2023-ல், அதுவும் 15 புரோ வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. ஐபோன் 14 முதல் இருக்கும் செயற்கைக்கோள் அவசர அழைப்பு இந்தியாவில் தொடங்கப்படவில்லை. துராயா போன்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் போனை அனுமதியின்றி வைத்திருப்பது இங்கே குற்றம். ஆழ்கடல் தொழிலுக்கு ஐபோன் வேண்டாம் என்று சொல்ல இதற்குமேல் காரணம் தேவையில்லை. கரையில் இருக்கும்போது வைத்துக்கொள்ள இரண்டாவது போனாக ஐபோன் வாங்குவது அவரவர் விருப்பம்.

மொழியில் இரண்டு தளங்களும் மாறி மாறி முன்னே போயிருக்கின்றன. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்த நாட்களில் தமிழ் படிக்க ஐபோன்தான் நல்ல போன். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய விசைப்பலகைகள், அஞ்சலும் தமிழ்99-உம், 2013-ல் ஐஓஎஸ் 7-லேயே உள்ளடங்கி வந்தன. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5 போனின் பட்டியல்கள், அமைப்புகள் முழுவதையும் தமிழிலும் மலையாளத்திலும் காட்டத் தொடங்கியது. ஐபோன் அதைச் செய்ய 2025 மார்ச்சில் வெளியான ஐஓஎஸ் 18.4 வரை, 10 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் வாசிக்காத பெற்றோருக்கு ஐபோன் வாங்கிக் கொடுத்தவர்கள் இத்தனை காலமும் "அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கு" என்று சொல்லிக்கொடுத்தே சமாளித்தார்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கூகுள் தமிழில் பேசினால் எழுதித் தருகிறது. தட்டச்சுக்குப் பழகாதவர்கள் ஆண்ட்ராய்டை விடாமல் இருக்க அது ஒன்றே போதும். விளவங்கோடு பக்கம் மலையாளமும் தமிழும் கலந்து எழுதுபவர்களுக்கு இன்று இரண்டு தளங்களும் போதுமானவை. பழைய ஐபோனை வாங்குவதாக இருந்தால் அது 18.4 ஏற்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். 2018-ல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதல் எல்லாம் ஏற்கும்.

விலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு 10,000 ரூபாய்க்குள்ளும் கிடைக்கும்; 2025-ல் ஆப்பிள் கொண்டுவந்த மலிவான ஐபோன் 16ஈ-யின் அறிமுக விலை 59,900. பழைய ஐபோன் மறுவிற்பனையில் விலை இறங்குவது மெதுவாக; ஆண்ட்ராய்டு சட்டென்று இறங்கும். பழுது பார்ப்பதில் ஆண்ட்ராய்டுக்கு வேறொரு அனுகூலம் இருக்கிறது. திரை மாற்ற எந்தச் சந்திப்பிலும் ஆள் கிடைப்பார். ஐபோனுக்கு அதிகாரபூர்வ சேவை மையம் தேடிப் போக வேண்டும். வெளியில் போட்ட திரையைப் போனே கண்டுபிடித்து, அசல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என அறிவிக்கும்.

பழைய போனை விடாமல் இருப்பது தவறாகும் ஒரே சந்தர்ப்பம், பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோவது. மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு இது இரண்டு மூன்று ஆண்டுகளில் நேர்கிறது. அதன்பிறகு போன் ஓடும், படம் எடுக்கும், பேசும். ஆனால் பூட்டில் இருக்கும் ஓட்டையை அடைக்க ஆள் வராது. வங்கிச் செயலிகளும் ஒவ்வொன்றாக ஆதரவை விலக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப் 2025 தொடக்கம் முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழும், அதே ஆண்டு மே முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழும் ஓடுவதில்லை. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் 7 ஆண்டுப் புதுப்பிப்பு என்று வாக்களித்த பிறகு, 'நீண்ட நாள் உழைக்க ஐபோன்' என்ற பழைய வாதம் உயர்விலைப் போன்களில் வலுவிழந்தது. மலிவு விலையில் அது இன்னும் நிற்கிறது, ஆனால் அந்த விலையில் புதிய ஐபோனே இல்லை. ஆகவே, புதுப்பிப்பு நின்ற ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களில் பலருக்கும் சரியான முடிவு, அதே தளத்தில் நீண்ட ஆதரவு உள்ள வேறொரு போன். வேறு தளத்துக்குப் போகத் தகுந்த காரணம் உள்ளவர்கள் குறைவு: பிள்ளைகள் எல்லோரும் ஃபேஸ்டைமில் இருக்கும் வீட்டினர், மேக் கணினியில் வேலை பார்ப்பவர்கள், அல்லது ஐபோனின் அடுத்த விலையைத் தாங்காமல் வெளியே வர நினைப்பவர்கள். போனில் பழுதில்லாதபோது, விளம்பரத்துக்காகவோ அலுவலகத்தில் மேசைமேல் வைப்பதற்காகவோ தளம் மாறுவது செலவு மட்டுமே.

இந்தத் தளைகளை வாங்குபவர் தனியாக அறுக்க முடியாது. சட்டத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஒரே வட்டத்துக்குள் என்றால் இப்போது மூன்று வேலை நாட்கள். 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலம் எண்ணைக் கொண்டுபோகவும் வழி பிறந்தது. களியக்காவிளையில் தமிழ்நாட்டு சிம் கேரளக் கோபுரத்தைப் பிடித்து ரோமிங் கட்டணம் விழுந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எண்ணுக்குக் கிடைத்த இந்த உரிமை, எண்ணுக்குள் சேர்ந்த தரவுக்குக் கிடைக்கவில்லை. 2019-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தன் தரவை வேறு சேவைக்கு எடுத்துச்செல்லும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஆண்ட்ராய்டில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது. அது செயலி நிறுவனங்களுக்கும் போன் தயாரிப்பாளர்களுக்கும் உதவியது. தளம் மாறும் தனிமனிதரின் உரையாடல் பேக்கப்பை அது தொடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் பெரு நிறுவனங்களிடம் தரவை எடுத்துச்செல்ல வழி கேட்கிறது. அந்த அழுத்தம் தொடரும் சூழலில், 2025 டிசம்பரில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து மாற்றத்தை எளிதாக்கும் முறையை உருவாக்கிவருவது தெரியவந்தது. இந்தியச் சட்டத்தில் விடுபட்ட அந்தப் பிரிவைத் திரும்பச் சேர்க்க வேண்டும். மீனவருக்கும் உழவருக்கும் அரசு எழுதும் செயலிகள் இரண்டு தளங்களிலும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதும் கேட்கக்கூடிய, செய்யக்கூடிய ஒன்று.

மாறுவதென்று முடிவு செய்தவருக்கு வரிசை முக்கியம். பழைய போனைப் புதிய போனுக்கு ஈடாகக் கடையிலேயே கொடுத்துவிடக் கூடாது. இரண்டு வாரமாவது இரண்டும் கையில் இருக்க வேண்டும். முதலில் வாட்ஸ்அப், புதிய போன் தொடக்க நிலையில் இருக்கும்போதே. பிறகு படங்கள், அவை முழுவதும் ஏறியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்தது. பிறகு வங்கிச் செயலிகள், டிஜிலாக்கர், ஒருமுறைக் கடவுச்சொல் தரும் செயலிகள். இவற்றில் சில பழைய போன் கையில் இருந்தால்தான் புதியதில் நுழைய விடும். ஐபோனிலிருந்து வெளியே வருகிறவர் சிம்மைக் கழற்றுமுன் ஐமெசேஜை அணைக்க வேண்டும். தவறினால், அமெரிக்காவிலிருக்கும் மகள் தன் ஐபோனிலிருந்து அனுப்பும் குறுஞ்செய்தி பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும். இங்கே யாருக்கும் தெரியாது.

கடைசியாகப் பழைய போனை விற்பது. ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பின் அழிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அழிக்க வேண்டும். முதலில் அழித்துவிட்டால் போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் திரும்பக் கொண்டுவருவார். பழைய போனை வாங்குகிறவர் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு எழுதி 14422-க்கு அனுப்பினால், அது திருட்டுப் போனாகத் தடுக்கப்பட்டதா என்று தொலைத்தொடர்புத் துறையின் பதில் வரும்.